“படத்துக்குத்தானே… பறிச்சிட்டு வரேன்!” - அம்மாவிடம் திரும்பி வந்த பூக்கள்

தினமும் காலை 6 மணியைத் தாண்டியதும் என் போனில் ஒரு வாட்ஸ்அப் வந்து விழும். அனுப்புவது அம்மா. ‘குட் மார்னிங்’ வாசகம் இருக்காது, சாமி படம் இருக்காது, ஃபார்வேர்டு செய்தியும் இருக்காது. ஒரே ஒரு போட்டோ. பித்தளை உருளியில் தண்ணீர், அதில் பூக்கள். ஒரு நாள் செம்பருத்தியும் நந்தியாவட்டையும். இன்னொரு நாள் நாலு சாமந்தியும் ஒரு வேப்பம்பூக் கொத்தும். போட்டோ பெரும்பாலும் கோணலாக இருக்கும். ஓரத்தில் அம்மாவின் கட்டைவிரல் தெரியும்.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவள் நான். ஒரு நாளைக்கு எத்தனை நூறு போட்டோக்கள் என் கண்ணைக் கடந்து போகின்றன என்று கணக்கே இல்லை. எந்தப் படத்தை மக்கள் தொட்டுப் பார்ப்பார்கள், எதைத் தள்ளிவிட்டுப் போவார்கள் என்று கணிப்பதுதான் என் தொழிலே. ஆனால், அந்தக் கோணல் போட்டோவைப் பார்க்காமல் இப்போதெல்லாம் எனக்குப் பொழுது விடிவதில்லை. ஏனென்றால், அப்பா இறந்த பிறகு மூன்று வருடங்கள் அம்மா பூவைக் கையால்கூடத் தொடவில்லை.

தூசுக்கு நடுவே ஒரு செம்பருத்தி

எங்கள் ஊர் ஆலத்தியூர், அரியலூர் மாவட்டம். ஊர்ப் பெயரைச் சொன்னால், “ஓ… சிமென்ட் ஊரா?” என்பார்கள். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பு கடலாகக் கிடந்த பூமி எங்களுடையது. அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் கிளிஞ்சல்களும் சேர்ந்து இறுகியதுதான் இன்றைய சுண்ணாம்புக்கல். அதைத் தோண்டி, அரைத்து, ஊர் உலகமெல்லாம் வீடு கட்டுகிறார்கள். எங்கள் பக்கத்து ரோட்டோரச் செடிகளில் இலையின் நிஜப் பச்சையைப் பார்க்க வேண்டுமென்றால், மழை பெய்த மறுநாள் காலையில் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டுச் செம்பருத்திக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. விடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து இலை இலையாகத் தெளித்துவிடுவார் அம்மா. “மூஞ்சி கழுவி விட்டாத்தான் பாப்பா அதுவும் சிரிக்கும்” என்பார்.

அப்பா லாரி டிரைவர். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும்போது, ஸ்டீயரிங்குக்கு முன்னால் வாழை இலையில் சுற்றிய உதிரி முல்லை இருக்கும். கட்டிய பூவாக அவர் வாங்கி வந்து நான் பார்த்ததே இல்லை. “உங்கம்மா மாதிரி எந்தக் கடைக்காரன் கட்டுவான்?” என்பார். உண்மைதான். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, கிழித்து, காலைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு அம்மா உட்கார்ந்தால், இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, ஒரு சுருக்கு. பார்வை டிவியில் இருக்கும், கை தன் பாட்டுக்கு ஓடும். ஒரு பூகூட இடைவெளி விட்டு நிற்காது.

கதம்பம் கட்டுவதைவிட அம்மாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது பூ ஜடை. வாழைப்பட்டையை அளவாக வெட்டி, அதன் மேல் மல்லி மொட்டுகளை ஊசியால் ஒவ்வொன்றாகத் தைத்து, நடுவில் கனகாம்பரத்தால் கோடு ஓட்டி, ஓரத்தில் மரிக்கொழுந்து வைப்பார். எங்கள் தெருவில் மஞ்சள் நீராட்டோ, வளைகாப்போ, கல்யாணமோ… ஜடை எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் தயாராகும். காசு வாங்க மாட்டார். ஜடையைத் தைத்து முடித்து, கையைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்ப்பாரே, அதுதான் அவருடைய கூலி.

“கட்டக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே!”

அப்பா போனது ஓர் ஆடி மாதம். மாரடைப்பு. காரியத்தன்று அம்மாவுக்குத் தலை நிறையப் பூ வைத்து, பிறகு எடுத்தார்கள். அந்தச் சடங்கை விவரித்து எழுத எனக்குக் கை வரவில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதன்பிறகு அம்மா பூ வைத்துக்கொள்ளவில்லை. அது ‘வழக்கம்’ என்றார்கள். ஆனால், பூ கட்டுவதையும் ஏன் நிறுத்தினார் என்பது எனக்குக் கொஞ்ச நாள் புரியவில்லை. ஒருமுறை கேட்டேன். “கட்டக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே பாப்பா. கட்டித் தாங்கன்னு யாரும் வரலை, அவ்ளோதான்” என்றார். ஜடை தைக்கச் சொல்லி ஒருவரும் வரவில்லை. நல்ல காரியத்துக்கு அந்தக் கையால் வேண்டாம் என்று வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. சொல்லாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அம்மாவுக்கும்தான்.

செம்பருத்திக்குத் தண்ணீர் மட்டும் தெளித்துக்கொண்டிருந்தார். பூத்த பூக்கள் செடியிலேயே சுருண்டு விழுந்தன.

என் கட்டிலுக்கு அடியில் ஒரு கலர் டப்பா

அந்த நாள்களில் நான் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தேன். வேலை, போன், மறுபடியும் போன். ‘ஸ்ட்ரெஸ் குறைய வாட்டர் கலர் பண்ணுங்க’ என்று நானே ஒரு ரீலுக்குத் தலைப்பு வைத்திருக்கிறேன்! அந்த வேகத்தில் ட்யூப் கலர், பிரஷ், தடித்த பேப்பர் எல்லாம் வாங்கினேன். வீடியோவில் ஒரே நிமிடத்தில் ரோஜா மலர்ந்தது. என் பேப்பரில் மூன்று கலரும் கலந்து சேறாகியது. ‘இதைப் போஸ்ட் பண்ண முடியாதே’ என்பதுதான் என் மனதில் ஓடிய முதல் வரி. வரைவதற்கு முன்பே யார் பார்ப்பார்கள், எத்தனை லைக் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஆபீஸில் செய்யும் வேலையையே பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டும் செய்திருக்கிறேன். டப்பா கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, சித்தி பையனிடம் கொடுத்துவிடலாம் என்று அதை எடுத்துப் போனேன். காணும் பொங்கல் சாயங்காலம், திண்ணையில் அவனோடு உட்கார்ந்தேன். “அக்கா, பூ எப்படி வரையறது?” என்றான். எனக்கும் தெரியாது. பார்த்து வரையலாம் என்று தோன்ற, உள்ளே இருந்த அம்மாவிடம் சத்தமாகக் கேட்டேன்: “அம்மா, ஒரு செம்பருத்தி வேணும்மா. பார்த்து வரையறதுக்கு.”

கேட்ட பிறகுதான் எதைக் கேட்டிருக்கிறேன் என்று உறைத்தது. உள்ளே சத்தமே இல்லை. பிறகு அம்மா வெளியே வந்தார். “படத்துக்குத்தானே… பறிச்சிட்டு வரேன்.”

ஒன்று கேட்டால் நாலு பறித்து வந்தார். கூடவே நந்தியாவட்டையும். “எதுல வைக்க?” என்றார். “தட்டுல வைம்மா” என்றேன். “தட்டுல எப்படி நிக்கும்?” என்று அவரே பரணிலிருந்து பித்தளை உருளியை இறக்கினார். கழுவி, தண்ணீர் ஊற்றி, பூக்களை மிதக்க விட்டார். ஒன்றை எடுத்தார், திருப்பி வைத்தார், இன்னொன்றை வெளியே எடுத்துவிட்டார். நான் ஒரு பூவை நடுவில் தள்ளியதும் என் கையைத் தட்டிவிட்டார். “எல்லாத்தையும் அடைக்காத. தண்ணி கொஞ்சம் தெரியட்டும்.”

என் ஓவியம் வழக்கம்போல் சேறுதான். சித்தி பையனுடையது தக்காளி மாதிரி இருந்தது. ஆனால், இருட்டும்வரை மூன்று பேரும் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. போனை எங்கே வைத்தேன் என்று இரவு தேடினேன்.

“தண்ணி கொஞ்சம் தெரியட்டும்”

வாட்டர் கலர் பற்றிப் பிறகு படித்தபோது, அம்மா சொன்ன அதே விஷயம்தான் அதன் முதல் பாடமாக இருந்தது. வாட்டர் கலரில் வெள்ளைக்கென்று பெரும்பாலும் கலர் பூசுவதில்லை. பேப்பரின் வெண்மையை விட்டுவைப்பதுதான் வெள்ளை. பூவின் மேல் விழும் வெளிச்சம் வேண்டுமென்றால், அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும். வெளிர் நிறத்தில் ஆரம்பித்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும். ஒரு பூச்சு காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். என் பேப்பர் சேறானதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல, பொறுமைக் குறைவு. ஜப்பானியர்களின் ‘இகெபானா’ மலர் அலங்காரத்திலும் பூவுக்கும் பூவுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம் பூவைப் போலவே முக்கியம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். வாட்டர் கலர் என்பது நிறப்பொடியும் பிசினும் சேர்ந்ததுதான். இதைச் சொன்னதும் அம்மா, “காவி கரைக்கிற மாதிரிதானே?” என்றார். மறுநாள் கொல்லைச் செம்மண்ணைத் துணியில் சலித்து, கருவேலம் பிசினை ஊறவைத்துக் கரைத்து, இரண்டையும் குழைத்துக் கொடுத்தார். என் டப்பாவில் இருந்த எந்தப் பழுப்பும் அந்த நிறத்துக்குப் பக்கத்தில் வரவில்லை. எங்கள் ஊர் மண்ணை எங்கள் ஊர் மண்ணாலேயே வரைந்தேன்.

சூடுவது வேறு… தொடுப்பது வேறு!

அந்தப் பொங்கலுக்குப் பிறகு ஒரு விஷயம் என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பூவைச் சூடுவதும், பூவைத் தொடுப்பதும் ஒன்றா?

கன்னியாகுமரி மாவட்டம் தோவாளையில் ‘மாணிக்க மாலை’ கட்டுகிறார்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை. இதழ்களை மடித்து மடித்து, பாய் பின்னியதுபோல நெருக்கமாகக் கட்டினால், மாணிக்கம் பதித்த மாதிரி மின்னும். 2025-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைப் பார்த்திருப்பீர்கள். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு என அதைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். இன்றைக்கு மணிக்கணக்காக உட்கார்ந்து செய்த கிளி, நாளைக்கு இருக்காது. நாளைக்கு வேறு கிளி.

இந்த மாலையைக் கட்டுபவர் அதைச் சூடப்போவதில்லை. கிளியைச் செய்பவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போவதும் இல்லை. அவருக்கென்று மிஞ்சுவது, கையில் பூ உருவாகிய அந்தச் சில மணி நேரம்தான். சூடும் உரிமையை ஊரும் உறவும் கொடுக்கலாம், பறிக்கலாம். தொடுக்கும் சந்தோஷம் கையில் இருக்கிறது. அதை யாரும் எடுக்க முடியாது. அம்மாவிடமிருந்து எடுத்தது ஒன்று, அவர் கூடவே சேர்த்து விட்டுவிட்டது இன்னொன்று. ‘படத்துக்குத்தானே’ என்ற ஒரு சாக்கு, விட்டதைத் திரும்ப எடுக்க அவருக்குப் போதுமானதாக இருந்தது.

நம் வீட்டுச் சுவர்களில் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய சங்கீத மும்மூர்த்திகளின் படம் தொங்குமே… அந்தத் தோற்றங்களை வரைந்து கொடுத்தவர் எஸ்.ராஜம். 1919-ல் பிறந்தவர். பாடகர், இளம் வயதில் சினிமாவிலும் நடித்தவர், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். பல வருடங்கள் சென்னை வானொலியில் வேலை பார்த்தார். அந்த வேலைக்கு நடுவிலும் வாட்டர் கலரை அவர் விடவில்லை. 2010-ல் 90 வயதில் மறையும்வரை ஓவியமும் சங்கீதமும்தான் அவருக்குத் துணை. ‘வேலைக்குப் போய்க்கொண்டே இதெல்லாம் முடியுமா’ என்று கேட்கும் என்னைப் போன்றவர்களுக்கு அவர் ஒரு பதில்.

45 நிமிடம் போதும்

‘எனக்கெல்லாம் வரையவே வராது’ என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் தலைமையில் நடந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. 18 முதல் 59 வயதுவரை உள்ள 39 பேரிடம் களிமண், மார்க்கர் பேனா, வெட்டி ஒட்டும் காகிதங்களைக் கொடுத்து, 45 நிமிடம் இஷ்டத்துக்கு எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரை எடுத்து, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் ஹார்மோனை அளந்தார்கள். சுமார் நான்கில் மூன்று பேருக்கு அது குறைந்திருந்தது. முக்கியமான விஷயம், முன்பே ஓவியம் பழகியவரா, முதல்முறை செய்பவரா என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை.

சிறிய ஆய்வுதான். இது மருந்துக்கு மாற்றும் இல்லை. நீண்ட நாள் துக்கமோ, தூக்கமின்மையோ இருந்தால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால், ‘நன்றாக வந்தால்தான் சந்தோஷம்’ என்ற நம் நினைப்பு தப்பு என்பதற்கு இந்த ஆய்வு ஒரு சாட்சி.

ஆரம்பிக்க என்ன வேண்டும்?

* பூக்களை மிதக்கவிட உருளிதான் வேண்டும் என்றில்லை. அகலமான பாத்திரம், மண் சட்டி எதுவானாலும் சரி. காம்பைப் பூவுக்கு அடியில் ஒட்ட வெட்டினால்தான் பூ நிமிர்ந்து மிதக்கும்.
* செம்பருத்தி ஒரு நாள்தான் தாங்கும். சாமந்தி பல நாள்கள் நிற்கும். மல்லி சீக்கிரம் பழுத்துவிடும் என்பதால் அதைத் தண்ணீரில் போட வேண்டாம்.
* குவளையில் வைப்பதென்றால், காம்பைச் சாய்வாக வெட்டுங்கள். தண்ணீருக்குள் முங்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.
* அரளி அழகுதான், ஆனால் விஷம். குழந்தைகளும் ஆடு மாடுகளும் இருக்கும் வீட்டில் அதைத் தவிர்த்துவிடுங்கள். தொட்டால் கையைக் கழுவுங்கள்.
* வாட்டர் கலருக்கு, பள்ளிப் பிள்ளைகளின் 12 கலர் டப்பாவே போதும். செலவு செய்வதென்றால் பேப்பருக்குச் செய்யுங்கள். மெல்லிய பேப்பர் ஈரத்தில் சுருண்டுவிடும். 200 ஜிஎஸ்எம்-க்குக் குறையாமல் வாங்குங்கள்.
* இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பிரஷ் கழுவ, இன்னொன்று கலர் கலக்க. சேறு பாதி குறைந்துவிடும்.
* முதல் ஒரு மாதம் எதையும் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். டிஜிட்டல் டெஸ்க்கில் இருந்துகொண்டு நானே இதைச் சொல்கிறேன்!

வாசலில் ஓர் உருளி

2022-ல் மகாராஷ்டிராவின் கோலாப்பூர் மாவட்டத்தில் உள்ள ஹெர்வாட் என்ற கிராமம், கணவனை இழந்த பெண்ணின் வளையலை உடைப்பது, பொட்டை அழிப்பது போன்ற சடங்குகளைத் தடை செய்து கிராமசபையில் தீர்மானம் போட்டது. அந்தச் செய்தியை அப்போது படித்திருக்கிறேன். எங்கள் தெருவில் அப்படித் தீர்மானம் எதுவும் வரவில்லை.

வேறொன்று நடந்தது. சித்திரையில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. அதற்குள் அம்மாவின் உருளியைத் தெருவே பார்த்திருந்தது. அந்த வீட்டு அத்தை வந்து, வாசற்படியில் கொஞ்சம் தயங்கி நின்று, “அக்கா, மண்டப வாசல்ல இந்த மாதிரி ஒண்ணு வச்சுத் தர்றீங்களா?” என்று கேட்டார். ஜடை தைக்கக் கேட்கவில்லை. ஜடை அரியலூரிலிருந்து ஆர்டரில் வந்தது.

எனக்குக் கோபம் வந்தது. “போகாதம்மா” என்றேன். அம்மா கேட்கவில்லை. விடியற்காலையிலேயே போய், பெரிய அண்டாத் தட்டில் செவ்வந்தியும் சம்பங்கியும் வைத்து அலங்கரித்துவிட்டு, விருந்தாளிகள் வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். பிற்பகலில் அந்தப் பெண் பட்டுப் பாவாடையோடு எங்கள் திண்ணைக்கு ஓடி வந்தாள். “பெரியம்மா, எல்லாரும் அதுகிட்ட நின்னுதான் போட்டோ எடுத்தாங்க. இதுல ரெண்டு பூ கழண்டுடுச்சு, சரி பண்ணி விடுறீங்களா?” என்று முதுகைத் திருப்பி ஜடையைக் காட்டினாள்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு ஊசி எடுத்து வரச் சொன்னார். அவிழ்ந்த இடத்தில் இரண்டு மொட்டுகளைத் தைத்தார். அப்படியே ஓரம் முழுக்க இழுத்துப் பார்த்து, “லூசாக் கட்டியிருக்கானுங்க” என்று இன்னும் நாலு தையல் போட்டார்.

அம்மா இன்னும் தலையில் பூ வைப்பதில்லை. நானும் கேட்பதில்லை. அது அவர் முடிவு. இந்தக் கட்டுரையை எழுதட்டுமா என்று கேட்டபோது, “பேரு போடாத, என் மூஞ்சியப் போடாத. பூவை மட்டும் போட்டுக்க” என்றார்.

இன்று காலை வந்த போட்டோவில் மூன்று வெள்ளைச் செம்பருத்திகள். ஓரத்தில் வழக்கமான கட்டைவிரல். அதில் ஒட்டியிருந்த செம்மண் நிறத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் இல்லாத நேரத்தில் அம்மாவும் பிரஷ்ஷைத் தொட ஆரம்பித்துவிட்டார்போல. ‘என்னம்மா வரைஞ்ச?’ என்று கேட்டு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

உங்கள் வீட்டில் யார் எதைச் செய்வதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்? பூ, கோலம், தையல், பாட்டு… எதுவாகவும் இருக்கலாம். ஏதாவது ஒரு சாக்கு வைத்து, ஒரு முறை கேட்டுப் பாருங்களேன்!